கல்பட்டியில் நின்ற தையற்காரி

ரிமேதியா சூலிஸ், 1938–2016. தொழில் தையல். இத்தாலியின் சார்தீனியத் தீவில், தென்மலைகளில் உள்ள பெர்தமன்னாவில் பிறந்து, அவ்வூரிலேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்தார். ஊர் ஆண்கள் ஞாயிறு தோறும் அணிந்த வெல்வெட் மேலங்கிகளில் பெரும்பாலானவை அவர் வெட்டித் தைத்தவை. எவருக்கு எந்தத் தோள் சரிந்தது, எவருக்கு எந்தக் கை குட்டையானது என்பதை அவரவர் மனைவியரைவிட ரிமேதியா நன்கு அறிவார். அவ்வூர் வேட்டைக்குழுவில் அவர் இருபத்தாறு பருவங்கள் நின்றார். அவர் அதில் இடம்பெற்ற விதத்தைச் சொல்வதே இக்குறிப்பின் நோக்கம்.

பெர்தமன்னாவில் காட்டுப்பன்றி வேட்டை தனியொருவர் செய்யும் காரியமன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் குழு முழுவதும் மலையேறும். நாய்க்காரர்கள் மேற்புறமிருந்து நாய்களை ஏவிப் பன்றியைக் கிளப்புவார்கள். மற்றவர்கள் சரிவின் குறுக்கே தத்தம் காவலிடங்களில் அசையாமல் நிற்பார்கள். கொம்பு ஊதி முடிக்கும்வரை எவரும் இடம் பெயரலாகாது. காவலிடங்களுள் சிறந்தது கல்பட்டி. இடிந்துபோன பழைய ஆட்டுப்பட்டியின் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஒரு திறப்பு உண்டு. எப்பக்கமிருந்து கிளப்பினாலும் பன்றி அத்திறப்பை நாடித்தான் வரும். அங்கே நெடுங்காலம் நின்றவர் ரிமேதியாவின் கணவர் பிரியாமோ உசாய். வனத்துறையில் கூலிவேலை பார்த்த அவர், 1980 கோடையில் மாரடைப்பால் காலமானார்.

குழுவில் ஒருவர் இறந்தால் அவ்வாண்டுப் பருவம் முழுவதும் அவர் வீட்டுக்குப் பங்கு போகும். பங்கு பிரிப்பதற்கென்று முறை ஒன்று உண்டு. இறைச்சியைச் சமமான கூறுகளாக்கி மிர்ட்டில் புதரின் தழைமேல் வைப்பார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்பார். மற்றொருவர் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். முதுகு காட்டியவர் ஒரு பெயர் சொல்வார். கண்ணால் பாராமல் சொன்ன பெயருக்கு மேல்முறையீடு இல்லை. தலை மட்டும் கூறில் சேராது. அது சுட்டவருக்கு உரியது.

அந்தப் பருவத்தில் வாரந்தோறும் கணவரின் தம்பியும் குழுவின் நாய்க்காரர்களுள் ஒருவனுமான தமியானோ துணியில் சுற்றிய பொட்டலத்துடன் வருவான். “அண்ணி, அண்ணன் பங்கு” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போவான். ரிமேதியா அதைச் சமைத்தார், உண்டார், அண்டை வீட்டாருக்கும் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, தம் கையால் தைத்த துணியை எவரோ தமக்கே தானமாகத் தருவதுபோல் அவருக்கு உறுத்தியது.

1981 ஜனவரியின் கடைசி ஞாயிறன்று, பங்கு பிரிக்கும் நேரத்துக்கு அவரே மலையேறினார். குழுவின் வேட்டைக் குடிலுக்கு முன்னால் கூறுகள் வைக்கப்பட்டிருந்தன. எழுபதை நெருங்கிய குழுத்தலைவர் அந்தியோகோ மெரேவு கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது யாருக்கு?”

“பிரியாமோ வீட்டுக்கு.”

ரிமேதியா முன்னே வந்தார். “அந்தியோகோ மாமா, பிரியாமோ வீட்டுல இப்ப யாரு இருக்கா?”

“என்னம்மா கேள்வி இது? நீதான் இருக்க.”

“அப்ப என் பேரைச் சொல்லச் சொல்லுங்க.”

கிழவர் கத்தியை உறையில் செருகினார். “பேரு சொல்லணும்னா காவல்ல நிக்கணும், ரிமேதியா. நின்னவங்களுக்குத்தான் பேரு. உனக்கு அனுப்புறது மரியாதைக்கு.”

“மரியாதை ஒரு வருஷம் போதும். வர்ற நவம்பர்ல நான் நிக்கிறேன். பிரியாமோ நின்ன இடத்துல.”

குழுவில் சிரிப்பு எழுந்தது. கொத்தனார் எலீஜியோ எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். “அக்கா, பன்னியை ஊசியாலயா குத்தப்போற? இல்ல, அளவெடுத்து அனுப்பப்போறியா?”

“எலீஜியோ, போன மாசம் உன் மேலங்கிக்கு வலது தோள்ல மட்டும் ரெண்டு மடிப்புப் பஞ்சு வைக்கச் சொன்னியே. எதுக்குன்னு இங்க சொல்லட்டுமா, வேணாமா?”

எலீஜியோவின் முகம் சிவந்தது. கனத்த தோட்டாக்களின் உதையைத் தாங்குவதாகக் குழுவில் மிகுதியாகப் பீற்றிக்கொள்பவன் அவனே. இம்முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. மற்றும் இருவர் சிரிக்காமல் தத்தம் வலது தோளைத் தடவிக்கொண்டதை ரிமேதியா கவனித்தார். அவர்களுக்கும் பஞ்சு வைத்துத் தைத்தவர் அவர்தாம்.

குடிலின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கரிபிடித்த இரும்பு வாணலியை அந்தியோகோவின் கண்கள் தேடின. சுட்டுத் தவறவிட்டவரின் கழுத்தில் அதை மாட்டி, மதிய உணவு முடியும்வரை அகப்பையால் தட்டுவது குழுவின் வழக்கம்.

“சரி, ஒரு பருவம் நில்லு” என்றார். “கல்பட்டியில இல்ல. பேரிமரத்துல. கல்பட்டியை யாருக்கும் கொடுக்காம வைக்கிறேன். ஆனா ஒண்ணு. தவறினா மத்தவங்களுக்கு வாணலி, உனக்கு வாசல். ஒரே ஒரு தடவை தவறினா, பையைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

பேரிமரம் மிகவும் மட்டமான காவலிடம். காட்டுப் பேரி ஒன்று காய்க்காமல் நிற்கும் மேட்டுவெளி அது. அங்கே நின்றவர்கள் பன்றியைக் கண்டதைவிடக் குளிரில் கால் மரத்துப்போனதுதான் அதிகம்.

மறுநாள் மாலை தமியானோ வந்தான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியையே பார்த்தான்.

“அண்ணி, அது எங்க அப்பா வச்சிருந்தது. கல்பட்டியும் அப்பா நின்ன இடம்தான். ரெண்டும் ஒண்ணாதான் இருந்திருக்கு.”

“உங்க அப்பா அதை உனக்கா கொடுத்தாரு?”

“அப்ப அண்ணன் இருந்தாரு. இப்ப இல்லையே.”

ரிமேதியா அந்தத் துப்பாக்கியைப் பலமுறை தோளில் வைத்துப் பார்த்திருந்தார். பிரியாமோ நெட்டையர். பிடிக்கட்டை ரிமேதியாவின் அக்குளில் சிக்கியது. கன்னம் கட்டையில் படியவில்லை. குழல்துளை அகன்ற பன்னிரண்டு போர் தோட்டாவின் உதை கண்ணை மூடவைத்தது. இடக்குழலின் வாய் தொலைதூரப் பறவைக்கென்று இறுக ஒடுக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் குண்டு அதன்வழி நேராகப் போகும் என்று நம்ப முடியவில்லை. அவர் எழுந்து, துப்பாக்கியை இறக்கி, தமியானோவின் மடியில் வைத்தார்.

“எடுத்துக்க. பதிவை மாத்திக்கொடுக்கிறேன். எனக்கு இது அடுத்தவங்க சட்டை. ஆனா கொடுத்தது துப்பாக்கியை மட்டும்தான். இடத்துக்குப் பேசின பேச்சு இன்னும் என்கிட்டதான் இருக்கு.”

“ஒரு தடவை தவறினாப் போச்சு, தெரியும்ல? அப்புறம் அந்த இடம் எனக்குத்தான் வரும்.”

“தெரியும். காப்பி ஆறுது, குடி.”

தவறக்கூடாது என்றால், முதற்குண்டே பட வேண்டும். வேட்டை உரிமத்துக்கான தேர்வில் வசந்தத்திலேயே தேறிவிட்ட ரிமேதியா, அளவுநாடாவுடன் பேருந்தேறி நகரத்துக்குப் போனார். துப்பாக்கிக் கடைக்காரர் லுஸ்ஸோரியோ பருத்த உருவமும் இனிய பேச்சும் உடையவர். தானியங்கித் துப்பாக்கி ஒன்றை எடுத்து நீட்டினார்.

“அஞ்சு தோட்டா, சீமாட்டி. விசையை அமுத்திக்கிட்டே இருந்தாப் போதும். அஞ்சுல ஒண்ணு படாமலா போயிடும்?”

“அஞ்சுல ஒண்ணு பட்டாப் போதும்னா லாட்டரிச் சீட்டு வாங்கியிருப்பேன். எனக்கு முதல்லயே படணும்.”

அவர் தமது முறைப்படி தொடங்கினார். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதற்கணு வரை அளந்து, கடையிலிருந்த ஒவ்வொரு துப்பாக்கியின் பிடிக்கட்டையையும் அவ்வளவோடு ஒப்பிட்டார். பிறகு கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைப் பதித்து, அதன்பின் கண்ணைத் திறந்தார். குழல்முனைக் குறிமணி கண்ணுக்கு நேரே வந்து நின்றால் அது அவருடைய உடம்புக்கு இசைந்தது. குறிமணியைத் தேட வேண்டியிருந்தால் அடுத்தவருடையது. லுஸ்ஸோரியோ முதலில் புன்னகைத்தார். பின்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கவனித்தார்.

கடைசியில், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்த பழைய இரட்டைக்குழல் ஒன்றை அவர் கேட்டார். துளை சிறிய இருபது போர், குட்டையான குழல்கள், வலக்குழலின் வாய் ஏறக்குறைய நேர், இடக்குழலில் மிகச்சிறிய ஒடுக்கம்.

“அதுவா? அது காடைக்கு, சீமாட்டி. முயலுக்குக்கூடச் சொல்லலாம். இருபது போரைப் பாத்தா பன்னி சிரிக்கும்.”

“சிரிச்சா நல்லது. பல்லைப் பாத்துக் குறி வைப்பேன்.”

லுஸ்ஸோரியோ வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அதன்பின் வணிகப் பேச்சை விட்டு உண்மை பேசினார். புதர்க்காட்டில் பன்றி நாற்பது மீட்டருக்கு அப்பால் தெரிவதே அரிது. அத்தொலைவுக்குள் இருபது போரின் ஒற்றைக் குண்டு போதும், எலும்பையும் உடைக்கும். கனம் குறைவாதலால் நெடுநேரம் கையில் தாங்கலாம். உதை குறைவாதலால் கண் மூடாது. “ஆனா எல்லாத் துப்பாக்கியும் எல்லாக் குண்டையும் ஏத்துக்காது” என்றார். “எது ஒத்துப்போகும்னு நான் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பாக்கணும்.” பிடிக்கட்டையை ரிமேதியாவின் அளவுக்குக் குறைத்து, முனையில் ரப்பர் பதித்துக் கொடுத்தார். நால்வகைக் குண்டுகளில் வகைக்கு ஒரு பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டு ரிமேதியா ஊர் திரும்பினார்.

இங்கேதான் ஊரோடு பிணக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் ஒரு பன்றியின் உயிர் இருக்கிறது என்பது பெர்தமன்னாக்காரர்களின் நம்பிக்கை. தோட்டாவைக் காகிதத்தில் சுட்டால் அந்தப் பன்றி மலையைவிட்டே போய்விடுமாம். ஆகவே புதுத் துப்பாக்கி வாங்கினாலும், புதுக் குண்டு வாங்கினாலும், அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை. நேரே பன்றிமேல்தான் சுடுவார்கள். குண்டு எங்கே போகிறது என்பதை அறியாமலே முடி நரைத்தவர்கள் குழுவில் உண்டு. மேலும், வலக்குழலில் சிதறிப் பாயும் பெருரவையும் இடக்குழலில் ஒற்றைக் குண்டும் போடுவது அவர்கள் வழக்கம்: கிட்ட வந்தால் ரவை, எட்டப் போனால் குண்டு. ரவை பட்ட பன்றி பெரும்பாலும் காயத்தோடு எங்கோ போய்ச் செத்தது.

ரிமேதியா தம் வாடிக்கையாளர் ஒருவரின் கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழிக்குப் போனார். மேலங்கி வெட்டும் பழுப்புக் காகிதத்தில், தையற்சுண்ணத்தால் முழு அளவுப் பன்றியை வரைந்தார். முன்காலுக்குப் பின்னே, மேலங்கியில் உட்பை வருமிடத்தில், ஒரு வட்டம் போட்டார். காகிதத்தை மண்சரிவில் அறைந்து, விலகி நின்று, சுட்டார்.

முதல் வகையில் வலக்குழலின் குண்டு ஒரு பக்கமும் இடக்குழலின் குண்டு மறுபக்கமுமாக ஒரு சாண் விலகின. இரண்டாம் வகைக் குண்டு பறக்கும்போதே புரண்டு காகிதத்தைப் பக்கவாட்டில் கிழித்தது. எல்லாவற்றிலும் கனமான மூன்றாம் வகை நன்றாகத்தான் போயிற்று. ஆயினும் அவர் கண் தானாகவே மூடிக்கொண்டதைத் தம்மிடமே மறைக்கவில்லை. நான்காம் வகை, பின்புறம் கம்பளித்தக்கை திருகி, பக்கங்களில் சாய்வரிகள் கொண்ட ஜெர்மானியக் குண்டு. இரு குழல்களும் அதை ஒரு கைப்பிடி அகலத்துக்குள் கொண்டுசேர்த்தன. ஆனால் வட்டத்தில் அல்ல. வட்டத்துக்கு மேலே, பன்றியின் முதுகைத் தாண்டி.

மீண்டும் சுட்டார், மீண்டும் மேலே. குற்றம் குண்டினுடையது அன்று என்பது பிறகு விளங்கிற்று. குண்டு பட்டதா என்று காணும் அவசரத்தில், விசையை அழுத்தும் கணத்தில் கன்னம் கட்டையைவிட்டு எழுந்துகொண்டிருந்தது. கன்னம் எழுந்தால் கண் எழும். கண் எழுந்தால் குண்டும் எழும். அன்றிரவு அவர் தோல்துண்டு ஒன்றில் பஞ்சடைத்துத் தைத்து, காலரை வைப்பதுபோல் பிடிக்கட்டையின் மேல்விளிம்பில் கயிறிட்டுக் கட்டினார். கன்னத்துக்கு ஓர் இருக்கை கிடைத்தது. அடுத்த முறை இரு குண்டுகளும் வட்டத்துக்குள் விழுந்தன.

அத்துடன் அவர் நிற்கவில்லை. இரண்டு ஓக் பலகைகளைச் சேர்த்துக் கட்டிச் சுட்டார். குண்டு இரண்டையும் துளைத்து மண்ணுக்குள் போயிற்று. ரிமேதியா அந்தத் துளையில் விரலைவிட்டுப் பார்த்தார். பன்றியோடு இது நிற்காது என்பதை அவ்விரல் கற்றுக்கொண்டது.

இவையெல்லாம் ஊருக்குத் தெரியாமலா போகும்? ரொட்டிச் சூளையருகே எலீஜியோவின் மனைவி, “ரிமேதியா, காகிதப் பன்னி எத்தனை கிலோ தேறுச்சு?” என்று கேட்டாள்.

“உன் வீட்டுக்காரர் சுட்டுக் கொண்டுவந்ததைவிட ஒரு கிலோ கூடத்தான்” என்று ரிமேதியா ரொட்டியைக் கூடையில் அடுக்கியபடியே சொன்னார். “ரெண்டு பலகையைத் துளைக்குது. தோள் வேற வலிக்கல.”

நவம்பர் வந்தது. ரிமேதியா பேரிமரத்தில் நின்றார். இரு குழல்களிலும் ஒற்றைக் குண்டு, வேறொன்றும் இல்லை. ஞாயிறுகள் கடந்தன; பன்றி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குடிலிலோ வாணலிக்கு ஓய்வில்லை. ஒரு வாரம் எலீஜியோ கழுத்தில். மறுவாரம் வேறொருவர் கழுத்தில். ஒரு ஞாயிறு அந்தியோகோவே மாட்டிக்கொண்டு, அகப்பைத் தட்டுக்கு நடுவே சூப் குடித்தார். அத்தனை குண்டுகளும் பன்றியின் முதுகுக்கு மேலே போனதாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். “காகிதத்துல சுட்டதால மலைப்பன்னி உஷாராயிடுச்சு” என்றான் எலீஜியோ. ரிமேதியா அகப்பையை ஒருமுறை வாங்கி, அவன் வாணலியில் ஓங்கித் தட்டினார்.

டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. மேலே நாய்களின் குரல் திடீரென மாறியது. பன்றி கிளம்பிவிட்டது. கல்பட்டி நோக்கிப் போக வேண்டிய குரல், ஏதோ தடைப்பட்டதுபோல் திரும்பி, பேரிமரத்தை நோக்கி வந்தது. புதர் அசைந்தது. பெரிய ஆண்பன்றி ஒன்று மேட்டின் விளிம்பில் ஏறி, முழுப் பக்கவாட்டையும் காட்டி நின்றது. காகிதத்தில் வரைந்ததும் அப்படித்தான் இருந்தது. ரிமேதியாவின் கன்னம் தோல் இருக்கையில் பதிந்தது. விரல் முன்விசையைத் தொட்டது.

பன்றிக்குப் பின்னால் வானம். வானத்துக்குக் கீழே, செங்காய்கள் தொங்கும் ஆர்பூட்டஸ் புதரில், ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது. காயென்று நினைக்கலாம், ஆனால் காய் நடக்காது. அது கம்பளித் தொப்பி. அதை அவருக்கு நன்றாகத் தெரியும். பிரியாமோ இறப்பதற்கு முந்திய குளிர்காலத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நூலில் பின்னிக் கொடுத்தவர் அவர்தாம். அண்ணன் தொப்பி அண்ணனோடு போயிற்று. இது மற்றது.

ரிமேதியா குழலைத் தாழ்த்தினார். பன்றி அவரை ஒரு கணம் பார்த்தது. பிறகு மேட்டிலிருந்து இறங்கி, ஓடைவழியே வேட்டை எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

குடிலில் உணவுக்கு முன்பே கூச்சல் தொடங்கியது. பேரிமரத்துக்கு அடுத்த காவலில் நின்றவன் எலீஜியோ.

“நின்னுச்சு மாமா! கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்னுச்சு! சத்தமே வரல. அக்கா அளவெடுத்துட்டு அனுப்பிவச்சுட்டாங்க!”

அந்தியோகோ திரும்பினார். “ரிமேதியா?”

ரிமேதியா துப்பாக்கியை மடித்து, குழல்களை அவர் மூக்கருகே நீட்டினார். “மோந்து பாருங்க மாமா. சுடல. சுடாதவ எப்படித் தவறுவா?”

“பன்னி போச்சுல்ல? போனாத் தவறினதுதான்!” என்றது ஒரு குரல்.

“சுடாததுக்கு வாணலி போட்டதா எங்கேயாவது உண்டா?” என்றது இன்னொன்று.

“இவங்களுக்கு வாணலி இல்லையே, வாசல்தானே!”

“சத்தம் போடாதீங்கடா!” அந்தியோகோ கையை உயர்த்தினார். “ஏன் சுடல? அதைச் சொல்லு.”

“பன்னிக்குப் பின்னால ஒரு சிவப்புத் தொப்பி இருந்துச்சு” என்றார் ரிமேதியா. பெயர் சொல்லவில்லை. அடுப்பருகே போய் உட்கார்ந்து, தட்டை ரொட்டியை ஒடித்து ஆட்டுப் பாலாடைக்கட்டியோடு உண்ணத் தொடங்கினார்.

குடிலில் அப்போது எவர் தலையிலும் சிவப்புத் தொப்பி இல்லை. பன்றி கிளம்பிய நேரத்தில் நாய்க்காரர்கள் அனைவரும் மேற்சரிவில்தான் இருந்திருக்க வேண்டும். தமியானோ வாசலருகே, அண்ணனின் பழைய துப்பாக்கியைக் கால்களுக்கிடையில் வைத்து, வெறுந்தலையுடன் உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருந்திருந்தால் போதும். கல்பட்டி அன்றே அவனுக்கு வந்திருக்கும். அதை ரிமேதியா அறிவார். அவனும் அறிவான். ரொட்டி ஒடிபடும் ஓசை கேட்டது.

தமியானோ எழுந்தான். மேலங்கியின் உட்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

“இந்தத் தொப்பிதான். நாய்ங்களை விட்டுட்டு, குறுக்கால இறங்கி, கல்பட்டிக்குப் போற பன்னியை நானே மறிக்கலாம்னு வந்தேன். நான் மறிச்சதாலதான் அது பேரிமரத்துக்குத் திரும்புச்சு.” அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். “அந்தக் குண்டு ரெண்டு பலகையைத் துளைக்கும்னு அண்ணி சொன்னப்ப ஊரே சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன்.”

அவனே சுவரருகே போய், ஆணியிலிருந்து வாணலியை எடுத்து, தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். எவரும் அகப்பையை எடுக்கவில்லை. ரிமேதியாதான் எழுந்து, அதை எடுத்து, ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

“உக்காரு. சாப்பிடு” என்றார்.

அந்தியோகோ தீர்ப்புச் சொன்னார். “தமியானோ, இந்தப் பருவம் முடியிற வரைக்கும் உனக்கு நாய் மட்டும்தான். துப்பாக்கி வீட்டுல இருக்கட்டும். ரிமேதியா, அடுத்த ஞாயிறு நீ கல்பட்டிக்குப் போ.”

“தவறினா?”

“அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் ரிமேதியா.

அடுத்த ஞாயிறு காலை கல்பட்டியின் சுவர்களில் வெண்பனி படிந்திருந்தது. பிரியாமோ உட்கார்ந்து தேய்ந்த கல்லில் அவர் உட்காரவில்லை, நின்றார். தமியானோ மேலே நாய்களோடு இருந்தான். அவன் குரல் இருக்கவேண்டிய இடத்திலிருந்தே கேட்டது. பன்றி வந்தது; நிற்கவில்லை, ஓடிவந்தது. திறப்புக்குள் அது தலைநீட்டியபோது பின்புலத்தில் மண்சரிவும் கல்லும் தவிர வேறொன்றும் இல்லை என்பதை ரிமேதியாவின் கண் முதலில் பார்த்துக்கொண்டது. கன்னம் எழவில்லை. வலக்குழல் வெடித்தது. பன்றி முன்கால் மடங்கி, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, சுவரோரம் கிடந்தது. இடக்குழலுக்கு வேலை வரவில்லை. குண்டு, மேலங்கியில் உட்பை வருமிடத்தில் புகுந்திருந்தது.

அன்று பங்கு பிரிக்கும்போது, முதுகு காட்டி நிற்கும்படி அந்தியோகோ தமியானோவைப் பணித்தார். தலை ஏற்கெனவே ரிமேதியாவின் காலடியில் தழைமேல் இருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கத்திமுனை ஒரு கூறைத் தொட்டது.

“இது யாருக்கு?”

தமியானோ திரும்பாமல், மலைக்கே கேட்கும்படி சொன்னான்: “ரிமேதியா சூலிஸுக்கு.”

பிரியாமோ வீட்டுக்கு என்று அவன் சொல்லவில்லை.

அந்தப் பருவம் முடிந்து வசந்தம் வந்தபோது, கல்லுடைப்புக் குழியில் ஒருநாள் ரிமேதியா காகிதம் அறைந்துகொண்டிருக்கையில், கோணிச்சாக்கில் நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு அந்தியோகோ வந்தார்.

“நாயைக் காணோம். தேடி வந்தேன்.”

“துப்பாக்கியோடவா நாயைத் தேடுவாங்க, மாமா?”

“கடிக்கிற நாயிம்மா.”

“சரி. காகிதம் தயாராத்தான் இருக்கு. கன்னத்தை மட்டும் தூக்காதீங்க.”

கிழவர் சுடத் தொடங்கிச் சற்று நேரத்தில் குழியின் மேல்விளிம்பில் எலீஜியோவின் தலை தெரிந்தது. தலைவரைக் கண்டு மறைந்தது. பிறகு, வேறு வழியின்றி, தன் சாக்குடன் இறங்கி வந்தது. “நீயும் நாயைத்தான் தேடுறியா?” என்றார் அந்தியோகோ. “ஆமா மாமா. உங்க நாயைத்தான்.” மறு பருவம் முதல் ரிமேதியாவுக்குப் பழுப்புக் காகிதம் ஊருக்கென்று தனியே வாங்க வேண்டியதாயிற்று. இரு குழல்களிலும் குண்டு போடும் வழக்கமும் மெல்லப் பரவியது. எலீஜியோ மேலங்கித் தோளின் பஞ்சைப் பிரித்துவிடச் சொன்னான்.

துப்பாக்கி மாறவில்லை, தோல் இருக்கை மட்டும் தேயத் தேயப் புதிதாயிற்று. குண்டு செய்பவர்கள் தக்கையை மாற்றியபோது, அவர் மீண்டும் முதலிலிருந்து சுட்டுப் பார்த்தார். ஒரு தடவை தவறினால் வாசல் என்ற நிபந்தனையை எவரும் நீக்கவில்லை. நீக்கும்படி அவரும் கேட்கவில்லை. 1993-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் தவறினார். மழையில் நனைந்த கல்லில் கால் சறுக்கி, இரு குண்டுகளும் சுவரில் போயின. கொம்பு ஊதி முடிந்ததும் குடிலுக்கு வந்து, தோட்டாப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார். அப்போது தலைவன் தமியானோ. அந்தியோகோ காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

“அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?”

“பேச்சுன்னா பேச்சுதான், தமியானோ.”

“அந்தியோகோ மாமா என்ன சொன்னாரு? மத்தவங்களுக்கு வாணலின்னு. இத்தனை வருஷம் எங்ககூட நின்னுட்டு, இன்னும் வேற ஆளுன்னா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? குனியுங்க.”

வாணலி கழுத்தில் ஏறியது. எலீஜியோ அகப்பையுடன் ஓடிவந்தான். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை அன்று தீர்த்துக்கொண்டான். ரிமேதியா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கரி தம் வெல்வெட் மேலங்கியில் படிவதைப் பொருட்படுத்தாமல், இரண்டு தட்டுச் சூப் குடித்தார். அந்தக் கரியை அவர் பின்னர் துடைக்கவில்லை. மேலங்கியின் மார்பில் வட்டமாகப் படிந்த அந்தக் கறையோடுதான் அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் மலையேறினார்; ஒரு துணிக்கடைக்காரர் அதைப் போக்க மருந்து சொல்ல வந்தபோது, “அது தானா வந்ததில்ல, எங்க ஆளுங்க போட்டுவிட்டது” என்றார்.

இருபத்தாறாம் பருவத்தின் முடிவில் அவர் கல்பட்டியில் கடைசியாகச் சுட்டது 2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை.